மாடிப்படிக்குக் கீழ ஒரு வாளி

எனக்கு ஒரு குரு இருக்கா. பேரு சகாயமேரி. வயசு இருபத்தஞ்சு. எனக்கு முப்பத்தொண்ணு. அவ என்னை அண்ணேன்னு கூப்பிடுவா. எனக்குக் கோவம் வந்தா நான் அவள குருவேன்னு கூப்பிடுவேன். அந்த ரெண்டு மாசமும் அனேகமா தினம் கூப்பிட்டேன்.

ஊரு இங்கிலாந்துல ஹல். நான் இங்க யுனிவர்சிட்டில பிஎச்டி பண்றேன். மேரி தூத்துக்குடிக்காரி. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எங்க வீட்டுலேருந்து மூணாவது கதவு அவளோடது.

எல்லாம் என் வாயாலதான் ஆரம்பிச்சது. ஒரு நாள் பப்புல உக்காந்துட்டு, இவங்க பீரு கழனித்தண்ணி மாதிரி இருக்குன்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். என்கூட வீட்டுல இருக்கற சம்பத் கிளாஸக் கீழ வச்சான்.

"நீ பண்ணிக் காட்டு."

"பண்றேன். இதென்ன பெரிய கம்பசூத்திரமா?"

"மூணு வாளி பண்ணு. மூணுல ஒண்ணாவது பக்கத்து வீட்டு பிரையன் கிளாஸக் காலி பண்ற மாதிரி இருக்கணும். இல்லேன்னா ஒரு மாசம் இந்த வீட்டுல நீ யாரையும் எதிர்த்துப் பேசக்கூடாது."

"ஒரு மாசமா?"

"பாத்திரம் கழுவறது, கிரிக்கெட்டு, அரசியல், எதுக்கும் கூடாது. நான் சொன்னா தலைய ஆட்டணும்."

ஒரு மாசம் சம்பத் பேசற கிரிக்கெட்டுக்குத் தலைய ஆட்டறதுக்கு நான் படிப்ப விட்டுட்டு ஊருக்கே போயிருவேன். ஆனா சரின்னுட்டேன். சரின்னு சொல்லலேன்னா அன்னைக்கே தோத்த மாதிரி.

பிரையன் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். இந்த ஊருல டிக்கெட்டுக் காசு வாங்கறதும் டிரைவர்தான். ரொம்ப மரியாதையான மனுஷன். பிடிக்காதத பாதி குடிப்பாரு, அருமைம்பாரு, யாரும் பாக்காதப்ப ரோஜாச் செடிக்கு ஊத்திருவாரு. அதனால அவரு வாய் சொல்றது கணக்குல வராது. கிளாஸ் சொல்றதுதான் கணக்கு.

புதுசா பண்றவங்களுக்குன்னு ஒரு பெட்டி விக்கறாங்க. உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி, மூடி, உள்ள வர்ற வாயு வெளிய போக மூடில செருகற, தண்ணி ஊத்துன ஒரு சின்னக் குமிழ், ஒரு டின் மால்ட்டு, அதாவது முளைகட்டுன பார்லிப் பாகு, அதப் புளிக்க வைக்க ஒரு பொட்டலம் ஈஸ்ட்டு. டின்னுல இருக்கறத வெந்நில கரைக்கணும், சக்கரை போடணும், பச்சத்தண்ணி ஊத்தி ஆறவிடணும், ஈஸ்ட்டத் தூவி மூடணும். அவ்வளவுதான். காகிதத்துல எட்டே வரி.

டின்னத் திறந்தேன். கருப்பா, வெல்லப்பாகு மாதிரி இறங்குது. வீடு முழுக்க சுட்ட ரொட்டி வாசன. தண்ணி வெதுவெதுன்னு வந்ததும் சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டு முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக் கலக்கினேன். மறுநாள் காலைல பாத்தா நுரை பொங்கி மூடியத் தள்ளிட்டு நிக்குது. நான் சம்பத்தத் தூக்கத்துலேருந்து எழுப்பிக் காட்டினேன்.

"பாத்தியா. கைராசி."

ரெண்டு வாரம் வாளில, ரெண்டு வாரம் பாட்டில்ல. ஒரு மாசம் கழிச்சு பிரையன் ஒரு வாய் குடிச்சாரு. அருமைன்னாரு. ரோஜாச் செடி நனைஞ்சுச்சு. நான் குடிச்சுப் பாத்தேன். நாலு நாள் வெளிய வச்ச மோரு.

"மூணாவது வீட்டு நர்ஸு பொண்ணப் போய்ப் பாரு," சம்பத் சொன்னான். "அது குடிக்கறதே ஒரு வாய்தான். ஆனா அது பண்ற பீருக்கு ஆஸ்பத்திரியே அலையுது."

"எங்க கத்துக்கிச்சாம்?"

"எங்கயும் இல்ல. கிறிஸ்மஸுக்கு சீட்டுக் குலுக்கிப் போட்டு பரிசு குடுத்தாங்களாம். அதுக்கு இந்த வாளி வந்துச்சாம்."

போனேன். மேரி என் பாட்டில மோந்து பாத்தா. குடிக்கல.

"கையால கலக்குனீயளா?"

"பின்ன? இட்லி மாவ எப்படிக் கரைப்போம்? கைச்சூடு பட்டாத்தான் பொங்கும்."

"பொங்கிச்சா?"

"பொங்குச்சு."

"அப்ப இட்லி ஊத்த வேண்டியதுதான அண்ணே."

எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு. ஆனா வாளி ரெண்டுதான் பாக்கி. "சரி குருவே, சொல்லிக் குடு"ன்னேன்.

மறுநாள் வந்தா. வாளியக் கழுவச் சொன்னா. கழுவினேன். திரும்பக் கழுவச் சொன்னா.

"இது வாளியா, உன் ஆபரேஷன் டேபிளா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

அப்புறம் கிருமி சாகற மருந்துத் தண்ணில கரண்டி, மூடி, குமிழ், என் மணிக்கட்டு வரைக்கும் எல்லாத்தையும் முக்கினா. வாளிய மாடிப்படிக்குக் கீழ இருக்கற சின்ன அறைல வச்சோம். வெளக்குமாறும் பழைய பெட்டியும் போடற எடம். வெயிலு படாது, சூடும் ஏறாது.

"இனி என்ன பண்ணணும்?"

"மூடியாச்சுல்லா. ரெண்டு வாரம்."

"அது தெரியும். நான் என்ன பண்ணணும்?"

அவ ஷூவ மாட்டிட்டு டூட்டிக்குப் போயிட்டா.

அன்னைக்கு சாயங்காலமே குமிழ் பேச ஆரம்பிச்சிருச்சு. ப்ளப். ப்ளப். நான் அந்த அறை முன்னால பாய் விரிச்சு உக்காந்துட்டேன். நிமிஷத்துக்கு இருபது தடவ. எனக்குச் சோறு எறங்கல. உள்ள கோடிக்கணக்குல உசுருங்க எனக்காக வேலை பாக்குது, நான் பாக்காம இருந்தா எப்படி? தொறந்து பாத்தேன். கரண்டில எடுத்து நக்கிப் பாத்தேன். ஒரு நாளைக்கு ஆறு தடவ. அஞ்சாவது நாள் ப்ளப் கொறைஞ்சுச்சு. பசிக்குதோன்னு அரைக் கிலோ சக்கரை போட்டேன்.

இந்தத் தடவ பிரையன் ரோஜாச் செடிகிட்டகூடக் கொண்டு போகல. சிங்க்குல ஊத்துனாரு.

மேரி மோந்து பாத்தா. "ஊறுகாய்க்கு ஆகும்."

"நீ சொன்னபடிதான பண்ணேன்?"

"மூடியத் தொறந்தீயளா?"

"தொறக்காம எப்படித் தெரியும், நல்லா இருக்கா இல்லையான்னு?"

அவ ஒரு கதை சொன்னா.

"எங்க ஆஸ்பத்திரில ஒருத்தருக்கு வயித்துல ஆபரேஷன். தையல் சுத்தமா போட்டிருந்தாங்க. அவரு தினம் ராத்திரி கட்ட அவுத்துப் பாப்பாரு. ஆறிடுச்சா, ஆறிடுச்சான்னு. பத்தாவது நாள் திரும்ப எங்ககிட்டயே வந்துட்டாரு."

"அவரு படிக்காதவரா இருப்பாரு."

"ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர்."

"ஹெட்மாஸ்டரா இருந்தா? காயம் வேற, பீரு வேற. காயத்துல சக்கரை இருக்கா? ஈஸ்ட்டு இருக்கா? உவமைன்னா பொருந்தணும் மேரி."

அவ மூணாவது டின்ன எடுத்துட்டு வரச் சொன்னா.

கடைசி வாளி. சம்பத் காலண்டர்ல தேதியச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு வச்சான். எந்த மேட்சப் பத்தி முதல்ல என்கிட்ட பேசலாம்னு லிஸ்ட்டே எழுதினான். நான் வாளிய அஞ்சு தடவ கழுவினேன். கரண்டியாலதான் கலக்கினேன். மூடினோம். சாயங்காலம் ப்ளப் வந்ததும் நான் திரும்பப் பாய விரிச்சேன்.

மூணாவது நாள் மேரி டூட்டி முடிச்சு வந்தப்ப நான் டார்ச்சும் கையுமா அந்த அறைக்குள்ள குனிஞ்சிருந்தேன். மூடில கை வச்சிருந்தேன். தொறக்கல. வச்சிருந்தேன், அவ்வளவுதான்.

"அண்ணே."

"தொறக்கல."

"இங்க வாங்க."

வெளிய வந்தேன். கூடத்துல சம்பத் இருந்தான். அவ அவனுக்குக் கேக்கற மாதிரியே சொன்னா.

"ஒண்ணு மட்டும் இப்பவே பேசிக்கிடுவோம். இது நல்லா வந்தா என் பீரு. கெட்டுப் போனா உங்க பீரு."

"என்னாது?"

"நான் சொன்னேன், நீங்க தண்ணி தூக்குனீய. நல்லா வந்தா பிரையன்கிட்ட என் பேரத்தான் சொல்லணும். ரெண்டு வாளி நாசம் பண்ணவரு பேரச் சொன்னா யாரு நம்புவா?"

சம்பத் சிரிச்சான். எனக்குக் காது சூடாயிருச்சு.

"டின்னு நான் வாங்குனது. வாளி என்னோடது. கழுவிக் கழுவி என் கை தோலு உரிஞ்சிருக்கு. உன் பீராம்ல?"

"கழுவறது யாரு வேணா கழுவலாம்."

"அப்ப நீயே வச்சுக்க. உன் பீர நீயே கட்டிக்கிட்டு அழு. இனிமே அந்தக் கதவ நான் தொட்டா என் பேர மாத்தி வச்சுக்க."

"தொட மாட்டீயளே?"

"செருப்பாலகூடத் தொட மாட்டேன் குருவே."

"சரி," ன்னுட்டு அவ போயிட்டா. வெக்கமே இல்லாம.

அந்தக் கதவத் தாண்டித்தான் சமையல்கட்டுக்குப் போகணும். போறப்பல்லாம் உள்ளேருந்து ப்ளப். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவேன். அவ பீரு. அவளே கேக்கட்டும்.

ஆறாவது நாள் சத்தம் நின்னுருச்சு.

தட்ட கையில வச்சுட்டு நின்னேன். அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். ஒரு ப்ளப்கூட இல்ல. செத்துப் போச்சா? பசியா? மூடி சரியா உக்காரலையா? சக்கரை டப்பா பக்கத்துலதான் இருக்கு. கை தாழ்ப்பாள் வரைக்கும் போச்சு.

அப்பத்தான் தோணுச்சு. நான் தொட்டு கெட்டுச்சுன்னா என் பீருன்னு சொல்லுவா. தொடாம கெட்டுச்சுன்னா? அப்ப அவ மூஞ்சியப் பாக்கணும். கைய எடுத்துட்டேன். தட்ட எடுத்துட்டு மாடிக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் அந்த அறை பக்கம் நான் திரும்பவே இல்ல. நான் யாரு மேலயும் இவ்வளவு நாள் கோவமா இருந்ததில்ல. கோவம் ஆறுற மாதிரி இருந்தா, கழுவறது யாரு வேணா கழுவலாம்னு அவ சொன்னத நெனச்சுக்குவேன். திரும்பச் சூடாயிரும்.

ரெண்டு வாரம் ஆனதும் மேரி வந்தா. அவளும் சம்பத்தும் கீழ பாட்டில்ல ரொப்பற சத்தம் கேட்டுச்சு. நான் மாடில தீசிஸ் எழுதற மாதிரி உக்காந்திருந்தேன். ஒரு வரி எழுதல. நாப்பது தடவ மூடி அடிக்கற சத்தத்த எண்ணினேன். பாட்டில்லயும் ரெண்டு வாரம் இருக்கணும். அதுவும் அவ பாடு.

சிவப்பு வட்டம் போட்ட சனிக்கிழம வந்துச்சு. நல்ல வெயிலு. பின்பக்கம் மேசை போட்டோம். பிரையன் இஸ்திரி போட்ட சட்டையில வந்தாரு. சம்பத் லிஸ்ட்ட சட்டைப் பாக்கெட்டுல வச்சிருந்தான். தெரியற மாதிரியே வச்சிருந்தான்.

மேரி பாட்டிலத் தொறந்தா.

டிஸ்ஸுன்னு ஒரு சத்தம். கிளாஸச் சாச்சு ஊத்துனா. தேன் நெறம். அந்தப் பக்கம் இருக்கற வேலி தெரியுது, அவ்வளவு தெளிவு. மேல ரெண்டு வெரக்கட நுரை, கலையாம நிக்குது. கோவத்தையெல்லாம் காணோம்.

பிரையன் ஒரு வாய் குடிச்சாரு. அருமைன்னாரு.

நான் கண்ண மூடிக்கிட்டேன்.

தொறந்து பாத்தா இன்னொரு வாய் போறாரு. ரோஜாச் செடி ரெண்டடி தள்ளி இருக்கு. அவரு திரும்பிக்கூடப் பாக்கல. மூணாவது வாய். கிளாஸ் அடில நுரை மட்டும் ஒட்டிட்டிருக்கு. அவரு கிளாஸ திரும்ப நீட்டுறாரு. முப்பது வருஷம் பஸ்ஸுல அவரு டிக்கெட்டுக் காசுக்குக் கை நீட்டினது அப்படித்தான் இருந்திருக்கும். கேள்வியே இல்ல.

நான் நாற்காலி மேல ஏறிட்டேன். சம்பத் லிஸ்ட்ட மடிச்சு உள்ள வச்சான்.

"யாரு பண்ணது?" பிரையன் கேட்டாரு.

என் பீருன்னு சொல்லணும் போல இருந்துச்சு. ஆனா சொன்னது சொன்னதுதான். மேரியக் கை காட்டினேன்.

அதே நேரம் அவ என்னைக் கை காட்டினா.

"அண்ணன்தான்," ன்னா. "முழுக்க அண்ணன்தான்."

பிரையன் என் கையப் பிடிச்சுக் குலுக்குனாரு. நான் குலுக்கினேன், ஆனா கண்ணு மேரி மேலயே இருந்துச்சு. அவ காலி பாட்டில எடுத்துட்டு சமையல்கட்டுக்குள்ள போயிட்டா. பின்னாலயே போனேன்.

"அன்னைக்கு உன் பீருன்ன."

"ஆமா."

"இன்னைக்கு என் பீருங்கற."

"ஆமா."

"ரெண்டுல எது நெசம்? நான் என்ன பண்ணேன்னு என் பேரச் சொன்ன? ஒரு மாசமா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. உன் மேல இருந்த கோவத்துல, கெட்டாக் கெடட்டும்னு விட்டுட்டேன். ஒண்ணுமே பண்ணல மேரி."

அவ பாட்டில வெந்நில அலசிக் கவுத்து வச்சா.

"மொதல்ல பூட்டுதான் வாங்கினேன். பைலயே கெடக்கு. கதவுல மாட்டினா நீங்க ஒடச்சிருவீய. அதான் அன்னைக்கு அப்படிப் பேசினேன்."

வெளியேருந்து சம்பத் கத்தினான். "டேய், ஜெயிச்சுட்டல்ல. வந்து எதாவது பேசித் தொலைடா."

நான் துணிய எடுத்து, அவ கவுத்து வச்ச பாட்டில ஒவ்வொண்ணா தொடைக்க ஆரம்பிச்சேன்.