பொட்டு ஆக்ஸிஜன் கூடாது

ஈஸ்ட் வளரக் காற்று கட்டாயம் வேண்டும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இத்தனை பெரிய பிழை இத்தனை காலம் தட்டிக்கேட்க ஆளில்லாமல் உலவியது வருந்தத்தக்கது. சர்க்கரைத் தண்ணீரில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்துவைத்தாலும் ஈஸ்ட் முணுமுணுக்காமல் வளரும். குருவிமங்கலம் கல்லூரியில் இது எல்லோருக்கும் தெரியும். வினையே அங்கேதான் தொடங்கியது.

பேராசிரியர் மெய்கண்டான் அப்படி ஒரு குடுவையைத் தயார்செய்து வைத்துவிட்டு, தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பினார். ஆய்வு மாணவர்கள் மூவரையும் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை பிரின்ஸ்பால் வந்து பார்ப்பார். ஈஸ்ட் வளரலைன்னா இந்த லேபைக் கேரம் ஆடக் கொடுத்துடுவார். அப்புறம் உங்க பட்டம் அவ்வளவுதான். நான் திரும்பி வர்ற வரைக்கும் இங்கே பொட்டு ஆக்ஸிஜன் இருக்கக் கூடாது."

அவர் போனதும், மூத்தவன் தில்லைநாயகம் குடுவையை உற்றுப் பார்த்தான்.

"ஏன்டா சடகோபா, உள்ளே என்ன இருக்கு?"

"தண்ணிண்ணே."

"தண்ணிக்குள்ள?"

சடகோபன் விரல்விட்டு எண்ணினான். முகம் வெளிறியது. "ரெண்டு ஹைட்ரஜன்... ஒரு ஆக்ஸிஜன்!"

"சாரே கவனிக்கலை பாரு. கல்யாண ஞாபகம்."

தண்ணீரை வடித்தார்கள். சர்க்கரையில் ஆக்ஸிஜன் ஆறா, பதினொன்றா என்று தகராறு வந்தது. எத்தனையானாலும் உத்தரவுக்கு விரோதம் என்று அதையும் சுரண்டி எறிந்தார்கள். கண்ணாடி மணலில் செய்வது, மணலிலும் ஆக்ஸிஜன் உண்டு என்று பூங்கோதை நினைவூட்டினாள். தன் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவைத் தியாகம் செய்தாள். டப்பாவில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் மட்டும் மிஞ்சியது.

"அண்ணே, இந்த ஈஸ்ட் உடம்புக்குள்ள?"

மூவரும் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இருக்குடா," என்றான் தில்லைநாயகம். "எவ்வளவு நம்பினோம்! கூடவே இருந்து கழுத்தறுத்துடுச்சே!"

ஈஸ்ட்டை வெளியேற்றினார்கள். டப்பாவுக்குள் இருந்த காற்றையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்து, மூடியை மெழுகால் அடைத்தார்கள். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பூங்கோதை மட்டும் வாழையிலையில்.

வெள்ளிக்கிழமை பிரின்ஸ்பால் வந்து, மூடியை நெம்பித் திறந்தார்.

"ஐயோ சார், கெடுத்துட்டீங்களே! ஆக்ஸிஜன் புகுந்துடுச்சு!"

"ஈஸ்ட் எங்கேய்யா?"

"அது சரிப்பட்டு வரலை சார். அனுப்பிட்டோம்."

அன்று மாலையே கேரம் பலகைகள் வந்து இறங்கின. ஆனால் பேராசிரியர் ஊரிலிருந்து திரும்பவில்லை. ஆகவே உத்தரவு அமலில்தான் இருந்தது. காய்கள் வழுக்கி ஓடப் பலகையில் தூவும் போரிக் பவுடரின் டப்பாவைச் சடகோபன் எழுத்துக்கூட்டிப் படித்தான். மூன்று ஆக்ஸிஜன். மூவரும் எல்லாப் பலகைகளையும் பளபளவென்று துடைத்து வைத்தார்கள்.

கல்லூரிகளுக்கு இடையிலான கேரம் போட்டி திங்கட்கிழமை அங்கே தொடங்கியது. முதல் ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.