செனட்டருக்கு ஒரு சிலை

பென்சில்வேனியா மலைப்பக்கம் ஒரு நிலக்கரி ஊர். அங்கே சுரங்கம், கடை, குடியிருக்கும் வீடு எல்லாமே செனட்டர் விட்கோம்புக்குச் சொந்தம். போன குளிர்காலத்தில் சுரங்கம் தீப்பிடித்தபோது, கரி வீணாகிவிடும் என்று வாசலை அடைக்கச் சொன்னவரும் அவர்தான். உள்ளே பதினேழு பேர் இருந்தார்கள். உடல் கிடைக்கவில்லை, அதனால் கல்லறையும் இல்லை.

தேர்தல் நெருங்கியது. கல்லறைக் கல் செதுக்கும் ஐவர் என்பவனை செனட்டர் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கு ஒரு சிலை வேணும். கடந்து போற ஒவ்வொருத்தனும் தொப்பியைக் கழற்றணும். இல்லேன்னா நீ இந்த ஊர்ல இருக்க முடியாது."

அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊர் அது. ஐவர் "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னான்.

சிலை எழுந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதன் முன் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள். சாரட்டில் இருந்தபடியே பார்த்துப் பூரித்துப்போன செனட்டர், பத்திரிகைக்காரர்களை அழைத்துவந்து காட்டினார். ஒருவர் குனிந்து, பீடத்தின் அடியில் வெட்டியிருந்ததை உரக்கப் படித்தார். பதினேழு பெயர்கள்.

"என்னடா இது?" என்றார் செனட்டர், பீடத்தருகே நின்ற ஐவரிடம்.

"எங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தான் ஐயா தொப்பி கழற்றுவாங்க. எனக்கு வேற வழி தெரியலை."

அழிக்கச் சொல்ல வாய் வரவில்லை. பத்திரிகைக்காரர்களின் தொப்பிகள் ஏற்கெனவே கையில் இருந்தன. செனட்டரும் மெல்லத் தன்னுடையதைக் கழற்றினார்.

ஐவர் அதைப் பார்க்கவில்லை. கடைசிப் பெயரில் படிந்திருந்த கரித்தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். அது அவன் தம்பி பெயர்.