முப்பத்தேழுன்னு எழுதின மேதாவி

ஒரு ஊர்ல ஒரு மேதாவி இருந்தானாம். பேரு பூவேந்திரன். கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதற வேலை. தனக்கு எல்லாம் தெரியும்னு நெத்தியில எழுதி ஒட்டிக்காததுதான் பாக்கி. ம் சொல்லு, சொன்னாத்தான் மேல சொல்லுவேன். ஆங்.

அதே ஊர்ல ராமாத்தான்னு ஒரு அம்மா. அவங்க வளத்த கோழியெல்லாம் வெள்ளைக்கழிச்சல் சீக்கு வந்து பொத்து பொத்துனு விழுந்து செத்துப்போச்சு. மிச்சம் ஒரு கூடை முட்டைதான். அடைகாக்கக் கோழி ஏது? அப்புறம் முட்டையைக் கொண்டுபோய்க் குஞ்சு பொரிக்கற மெஷின்ல வெச்சாங்க. "தம்பி, இதுவும் போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்லைங்க"ன்னாங்க. மெஷினைப் பாத்துக்கறது நம்ம மேதாவி. "நான் இருக்கேன்ல!"ன்னான். இருந்து கிழிச்சான்.

அந்த மெஷினுக்குள்ள ஒரு புரோகிராம். எழுதினவ மங்கையர்க்கரசின்னு ஒரு பொண்ணு, மூளையுள்ளவ. சூடு எவ்வளவுங்கற எண்ணை உள்ள வெச்சு, 'ப்ரைவேட்'னு எழுதிப் பூட்டிட்டா. வெளியாள் யாரும் அதைத் தொட முடியாது. எது வேணும்னாலும் புரோகிராம்கிட்டத்தான் கேக்கணும். முட்டைக்கு முப்பத்தேழு டிகிரிதான் சரி. சூடு அதுக்கு மேல ஏறினா அது சத்தம் போடும், இன்னும் ஏறினா சூடு குடுக்கற பல்பை அணைச்சிடும். அந்த எண்ணை நம்பித்தான் அத்தனையும் நடக்குது.

என்னடா, ம் காணோம்? தூங்கிட்டியா? சரி, கேளு.

முட்டை வெச்ச மறுநாளே மத்தியானம், பீ... பீ... பீ...ன்னு மெஷின் கத்துச்சு. ஏன் தெரியுமா? காத்து போற ஓட்டை மேல தன் பையை மாட்டி வெச்சிருந்தான் அந்தப் புண்ணியவான்! எழுந்து பாக்கலாம்ல? பாக்க மாட்டான். "கத்தாதே"ன்னு புரோகிராமுக்கு உத்தரவு போட்டான். "சூடு குறையட்டும், நிறுத்தறேன்"னுச்சு. பீ... பீ... "அப்போ முப்பத்தேழுன்னு காட்டு"ன்னான். "இருக்கறது முப்பத்தொம்பது. பொய் சொல்ல மாட்டேன்"னுச்சு.

அப்போ தொரைக்குக் கோவம் வந்துருச்சு. "எனக்கே பூட்டா?"ன்னு டொக்கு டொக்குனு தட்டி, 'ப்ரைவேட்'டை அழிச்சு 'பப்ளிக்'னு மாத்தினான். உள்ள பூந்து, எப்பவும் முப்பத்தேழுன்னு போட்டுட்டான். சத்தம் கப்புனு நின்னுச்சு. சாதிச்சுட்டாராம்! ஆனா பல்பு அணையவே இல்லை. எப்படி அணையும்? முப்பத்தேழுதானேன்னு புரோகிராம் நம்பிருச்சே.

"பூட்டு எதுக்கு அத்தை? திருடன் வருவானா?"

திருடன் எங்க வரான்? இந்த மாதிரி எல்லாம் தெரிஞ்சவன் வருவான், அவனுக்குத்தான் பூட்டு. எங்க ஆபீஸ்லயும் இருக்கானுங்க, குறுக்கால பூந்து கெடுக்கறதுக்குன்னே.

சாயங்காலம் முட்டை எப்படியிருக்குன்னு பாக்க ராமாத்தா ஓடி வந்தாங்க. "பாருங்கம்மா, கரெக்டா முப்பத்தேழு"ன்னு ஸ்கிரீனைக் காட்டினான். அவங்க அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை. கதவைத் திறந்து ஒரு முட்டையை எடுத்தாங்க. ஐயோ, கை பொத்துப்போற சூடு! டக்குனு அதை உடைச்சாங்க. வெள்ளை வெளேர்னு வெந்திருந்துச்சு.

அப்போ அவன் முட்டையைப் பாத்தான், ஸ்கிரீனைப் பாத்தான். "ஸ்கிரீன்ல சரியாத்தானே இருக்கு"ன்னான், வெக்கங்கெட்டவன். ராமாத்தா அந்த முட்டையை அவன் கையில வெச்சு, "சாப்பிடுங்க தம்பி"ன்னாங்க. காலிக் கூடையை எடுத்துக்கிட்டு நடந்தாங்க.

"குஞ்சு ஒண்ணுகூட வரலையா அத்தை?"

ஒண்ணுகூட இல்லைடா கண்ணு. நினைச்சா எனக்கே வயிறு எரியுது. அவ்வளவுதான் கதை, காலை நீட்டிக் கண்ணை மூடு.