ஆட்காட்டி ஊதினால் யானை நிற்கும்

செம்மூக்கி என்று ஓர் ஆட்காட்டிக் குருவி. உடம்பு ஒரு பிடிதான் இருக்கும். கால் மட்டும் குச்சி குச்சியாக நீளம். குரலோ, அப்பப்பா! "டிட்டிட்டீ!" என்று ஒரு தடவை ஊதினால் ஏரிக்கரை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அந்தக் காட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஆலமரத்தடியில் ஒன்று, இலுப்பை மரத்தடியில் ஒன்று. கோடையில் ஏரி வற்றினால் போதும், இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் அங்கே பந்து விளையாட வந்துவிடும். பனங்காய்தான் பந்து. இந்தப் பக்கம் இரண்டு புற்று, அந்தப் பக்கம் இரண்டு புற்று. புற்றுக்கு நடுவே கிழித்த கோட்டைப் பனங்காய் தாண்டினால் கோல். காலால்தான் உதைக்க வேண்டும். கோல் காவல்காரனைத் தவிர யாரும் கையால் தொடக்கூடாது. யானைக்குத் தும்பிக்கையும் கைக் கணக்குதான்!

அந்த ஆட்டத்துக்கு நடுவர் நம் செம்மூக்கி. பன்னிரண்டு கோடையாக அவள்தான் ஊதுகிறாள்.

ஒரு பெரிய ஆட்டத்தன்று காலையில் அவள் புருஷன் நெட்டைக்காலன் முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி முணுமுணுத்தான்.

"ஏன் செம்மூக்கி, உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? போன வாரம் ஆலமரத்துக்காரங்க உன்னைக் குருடின்னாங்க. அதுக்கு முந்தின வாரம் இலுப்பைக்காரங்க செவிடின்னாங்க. வாங்கிக் கட்டிக்கத்தான் போறியா?"

"ரெண்டு பக்கமும் திட்டுறாங்கன்னா நான் நடுவுல நிக்கிறேன்னு அர்த்தம்!" என்று சிரித்தாள் செம்மூக்கி. "நீ முட்டையைப் பாரு. ஒரு பிடி தண்டி இருக்கிற நான் ஊதினா, யானைக்கன்னு நிக்குதுய்யா! எந்தக் குருவிக்கு இந்தப் பெருமை கிடைக்கும்?"

அவளுக்கு அந்தப் பெருமை நிறையவே உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

ஏரிக்குப் போனால் எள் போட இடமில்லை. ஆலமரத்துக் கூட்டம் மேற்குக் கரை மரங்களில் தொங்கியது. இலுப்பைக் கூட்டம் கிழக்குக் கரையில் நெருக்கியடித்து நின்றது. எல்லாம் அப்பன்மாரும் ஆத்தாமாரும்தான். விளையாடுகிற பிள்ளைகள் பேசாமல் இருந்தன. பெற்றவர்கள்தான் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அதிலும் கிளைதாவி என்ற குரங்குக்கு வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். அவன் மகன் குட்டான்தான் ஆலமரத்து அணியின் கோல் காவல்காரன். மகன் காவல் நின்றால் அப்பன் சும்மா இருப்பானா? உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு உதைக்கும் தீர்ப்புச் சொன்னான்.

ஆட்டம் தொடங்கியது. இலுப்பை அணியின் யானைக்கன்று தொம்பன் பனங்காயை உருட்டிக்கொண்டு ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில் தும்பிக்கை பந்தில் பட்டது.

"டிட்டிட்டீ!"

தொம்பன் அப்படியே நின்றான்.

"அநியாயம்! பிள்ளைக்கு மூக்கு நீளமாயிருந்தா அது அவன் குத்தமா?" என்று கிழக்குக் கரை கத்தியது. செம்மூக்கி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் தொம்பன் மறுபடி வந்தான். இந்தத் தடவை காலால் ஒரே உதை! பனங்காய் புற்றுக்கு நடுவே பாய்ந்தது. குட்டான் தாவிப் பிடித்து, சட்டென்று வெளியே இழுத்துப் போட்டான். செம்மூக்கி கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓடி வந்திருந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் புழுதி மண்ணில் பனங்காய் பதிந்த பள்ளம் பளிச்சென்று இருந்தது.

"டிட்டிட்டீ! கோல்!"

அவ்வளவுதான். மேற்குக் கரை கொந்தளித்துவிட்டது. கிளைதாவி தடதடவென்று இறங்கி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டான்.

"ஏய் செம்மூக்கி! கண்ணு அவிஞ்சு போச்சா? பந்து வெளியிலதானே கிடக்கு!"

"உங்க மகன் இழுத்துப் போட்டான். பள்ளம் இங்கே இருக்கு, வந்து பாருங்கண்ணே!"

"பள்ளமும் வேணாம், மேடும் வேணாம்! உச்சிக்கிளையிலேர்ந்து நான் பார்த்தேன்!"

"அங்கேர்ந்து எங்கே தெரியும்? நடுவுல இலை மறைக்குமே!"

கிளைதாவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தான்.

"இதோ பாரு, இந்த மைதானத்து வழக்கம் உனக்குத் தெரியும். கூட்டம் மொத்தமும் சேர்ந்து மூணு தடவை 'வேண்டாம்'னு கத்திட்டா, நடுவர் ஒதுங்கிடணும். அப்புறம் ஆயுசுக்கும் இங்கே ஊதக்கூடாது. கிழக்குக் கரையும் உன் மேல கடுப்புலதான் இருக்கு. பேசாம கோல் இல்லேன்னு சொல்லிடு. நான் கூட்டத்தை அடக்கிடறேன்."

 பன்னிரண்டு கோடை! ஊதாத ஒரு கோடையைச் செம்மூக்கியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தப் பள்ளத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"கோல்னா கோல்தான் அண்ணே!" என்றாள்.

"வேண்டாம்!" என்று கத்தினான் கிளைதாவி. மேற்குக் கரை சேர்ந்து கத்தியது. தும்பிக்கைக் கோபத்தில் இருந்த கிழக்குக் கரையும், தங்களுக்குக் கிடைத்த கோலையே மறந்துவிட்டுக் கூடச் சேர்ந்து கத்தியது. கூச்சல் என்று வந்துவிட்டால் எதற்குக் கத்துகிறோம் என்று யார் யோசிக்கிறார்கள்?

"வேண்டாம்! வேண்டாம்!"

மூன்றும் முடிந்தது.  செம்மூக்கி தலையை நிமிர்த்தியபடியே நடந்து எல்லைக்கு வெளியே போய் நின்றாள்.  

"இனி யார் ஊதுறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் இருக்கேன்ல! இதென்ன பெரிய வித்தையா?" என்று கிளைதாவி ஒரு பூவரச இலையைப் பறித்துச் சுருட்டிப் பீப்பி செய்துகொண்டான்.

முதல் வேலையாகக் கோல் செல்லாது என்றான். அப்புறம் தொம்பன் பந்தைத் தொட்டால் "பீப்!" இலுப்பைக்காரன் எவன் தொட்டாலும் "பீப்!" கிழக்குக் கரையில் தொம்பனின் அம்மா காதை விரித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். கிளைதாவிக்குக் குலை நடுங்கிவிட்டது. உடனே ஆலமரத்து அணிக்கு எதிராக நாலு "பீப்!" அதற்கு மேற்குக் கரை ஆவென்று கத்தியது. அவர்களுக்காக இன்னும் ஐந்து "பீப்!"

பாவம், தலைகால் புரியவில்லை. பந்து ஒரு பக்கம் போனது, நடுவர் ஒரு பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் பீப்பி ஊதினால் எந்தப் பிள்ளையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊதுகிறபாட்டுக்கு ஊதட்டும் என்று விளையாடிக்கொண்டிருந்தன.

அப்போது தொம்பனிடம் பந்து சிக்கியது. தலை குனிந்து, பனங்காயை மட்டும் பார்த்துக்கொண்டு, மண் அதிர ஓடி வந்தான். அவனைத் தடுக்கக் குட்டான் கோலை விட்டு முன்னால் ஓடினான். வற்றின ஏரியில்தான் வெடிப்புக்குப் பஞ்சமில்லையே! கால் இடறிப் பொத்தென்று விழுந்தான். வால் ஒரு வெடிப்புக்குள் போய் இறுக மாட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே மலை மாதிரி யானைக்கன்று!

"அப்பா!" என்று அலறினான்.

கிளைதாவி பதறிப்போய்ப் பீப்பியை வாயில் வைத்தான். "பீப்! பீப்! பீப்! பீப்!"

தொம்பன் நிற்கவில்லை. மாமா வழக்கம்போல ஊதுகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக வந்தான். கூட்டமும் கத்தியது. காலையிலிருந்து கத்துகிற கூட்டம்தானே, அதையும் அவன் சட்டை செய்யவில்லை.

ஒதுக்கப்பட்ட நடுவர் ஊதக்கூடாது என்பது செம்மூக்கிக்குத் தெரியும். வழக்கமாவது, மண்ணாவது! பிள்ளை கிடக்கிறான்!

"டிட்டிட்டீ!"

ஒரே ஒரு தடவைதான் ஊதினாள்.

தொம்பன் நின்றான். மூன்று காலும் மண்ணில் சறுக்க, புழுதி பறக்க நின்றான். தூக்கின முன்னங்கால் தூக்கினபடியே இருந்தது. அந்தக் காலுக்கு நேர் கீழே குட்டான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான்.

 தொம்பன் குனிந்து பார்த்தான். "ஐயோ!" என்று காலை மெல்லப் பின்னால் எடுத்து வைத்தான். தும்பிக்கையால் வெடிப்பை அகட்டி வாலை விடுவித்தான். கிளைதாவி ஓடி வந்து மகனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அப்புறம் ஆத்திரம் தாங்காமல் தொம்பனைப் பார்த்துக் கேட்டான்.

"ஏன்டா, நான் அத்தனை தடவை ஊதினேனே! ஏன்டா நிக்கலை?"

"நீங்க ஊதினதுக்கெல்லாம் நின்னா, நான் ஓடவே முடியாதே மாமா!" என்றான் தொம்பன், நடுக்கம் தீராமல். "செம்மூக்கி அத்தை ஊதினா நிசமா ஏதோ இருக்கும். போன மாசம் எனக்கு ஒரு தடவை தப்பா ஊதிட்டாங்க. அவங்களே ஓடி வந்து, 'தப்பு என்னுதுதான்டா தம்பி'ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. அதனால அந்தச் சத்தம் கேட்டா என் கால் தன்னால நின்னுடும்."

குட்டான் அப்பனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அப்பா, அந்தப் பந்து கோட்டைத் தாண்டித்தான்பா போச்சு. நான்தான் இழுத்துப் போட்டேன்."

 கிளைதாவி பீப்பியைக் கசக்கிக் கீழே போட்டான். எல்லைக்கு வெளியே நின்ற செம்மூக்கியிடம் நடந்து போனான்.

"தாயி, மன்னிச்சுடு. வந்து ஊது."

"வழக்கம் இருக்கே அண்ணே! மூணு 'வேண்டாம்' ஆயிடுச்சே?"

கிளைதாவி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "வேணும்!" என்று கத்தினான். மூன்று 'வேண்டாம்' வாங்கின நடுவரைத் திரும்பக் கூப்பிட எத்தனை 'வேணும்' சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டு கரையும் நிறுத்தாமல் கத்தின. "வேணும்! வேணும்! வேணும்!" கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகுதான் ஓய்ந்தன.

செம்மூக்கி இறக்கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நெஞ்சு பெருமையில் விம்மியது. ஆனால் குரலில் ஒரு குழைவும் இல்லை.

"முதல்ல, அந்தக் கோல் செல்லும்! இரண்டாவது, கண்ணே தொம்பா, நீ நல்ல பிள்ளைதான். ஆனா தலையை நிமிர்த்திப் பார்த்து ஓடு! ஆட்டம் நடக்கட்டும்! டிட்டிட்டீ!"

கடைசியில் தொம்பன் இன்னொரு கோல் போட்டான். தும்பிக்கை பட்டுவிட்டது என்று அதைச் செல்லாது என்றாள். காப்பாற்றின பிள்ளையின் அணி, நிறுத்தின யானையின் அணி என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. இலுப்பைக்காரர்கள் ஒன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் ஜெயித்தார்கள்.

அடுத்த வாரமும் ஆட்டம் இருந்தது. கிளைதாவி உச்சிக்கிளையை விட்டுக் கோட்டுக்குப் பக்கத்துக் கல்லில் வந்து உட்கார்ந்துகொண்டான். வாய் மட்டும் அடங்கவில்லை. "ஏய் செம்மூக்கி! அது தப்பு!" என்று துள்ளி எழுந்தான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "சரி சரி, நீ ஊதிட்டேல்ல! அப்ப சரியாத்தான் இருக்கும்!" என்று அசடு வழிய உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் நெட்டைக்காலன் கேட்டான்: "இன்னிக்கு என்னன்னு திட்டினாங்க?"

"நொள்ளைக்கண்ணின்னாங்க!" என்று சொல்லிவிட்டு, செம்மூக்கி கழுத்தை நிமிர்த்தி நடந்து போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். "ஆனா நான் ஊதினப்போ அத்தனை பேரும் நின்னாங்கய்யா!"

கூச்சலுக்குப் பயந்து தீர்ப்பை மாற்றாதவரின் சொல்லைத்தான் ஆபத்து வரும்போது எல்லோரும் நம்பி நிற்பார்கள்.