வெங்காய வேரின் நுனி

கொல்லிமலை அடிவாரத்து ஆசிரமத்தில் மாசிலாமணிக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக நின்றே பழகியவருக்கு உட்கார்ந்து தியானம் செய்வதே பெரும்பாடு. இப்போது விளாத்திகுளம் போய்ப் புது ஆசிரமம் தொடங்கச் சொல்லி உத்தரவு வேறு. மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். அவர் கூடவே சேர்ந்த சீடர் ராஜாங்கம் இங்கேயே இருப்பாராம். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

குரு திலகவதி அம்மா மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு வருமுன் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். எல்லாவற்றையும் விட்டவர், பழைய மைக்ரோஸ்கோப்பை மட்டும் விடவில்லை.

மாசிலாமணி நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, என்னைக் கழிச்சுக் கட்டறீங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"ராஜாங்கம் உங்க பக்கத்துல. நான் எங்கியோ கரிசக் காட்டுல. எட்டு வருஷத்துல எனக்கு என்னங்கம்மா குடுத்தீங்க? அடுப்படியில வெங்காயம் உரிச்சதுதான் மிச்சம். அங்க ஒருத்தன் வந்து, 'அசல் கொல்லிமலையில இருக்குது, இது வெறும் கிளைதானே'ன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

அம்மா ஜன்னலைக் காட்டினார். ஒரு தம்ளரில் தண்ணீர், அதன்மேல் அடி மட்டும் நனைய ஒரு வெங்காயம். மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன.

"உரிச்ச கைதானே. வேர் நுனியை மட்டும் நறுக்குங்க."

நறுக்கினார். அம்மா அதில் அமிலமும் சிவப்புச் சாயமும் விட்டு, விளக்கில் லேசாகக் காட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்தார். மேலே மெல்லிய கண்ணாடி மூடியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். மாசிலாமணி தன் கோபத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினார். மூடி படக்கென்று உடைந்தது.

"பஸ்ஸத் தட்டற மாதிரி தட்டாதீங்க. மறுபடி செய்யுங்க."

இரண்டாவது தகடு தேறியது. மாசிலாமணி குனிந்து பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"கட்டம் கட்டமா இருக்குதுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு உருண்டை. எல்லாம் சும்மா கெடக்குது."

"அப்படித்தான் தெரியும். ரெண்டாப் பிரியப் போற கட்டம், உள்ள இருக்கிற இழையை எல்லாம் ஒண்ணு விடாம நகல் எடுக்கறது அப்படிச் சும்மா கெடக்கற நேரத்துலதான். அது முடியாம பிரியாது."

மாசிலாமணி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"தகட்டை நகர்த்துங்க."

ஒரு கட்டத்தில் சிவப்பு இழைகள் நடுவில் வரிசை கட்டி நின்றன. இன்னொன்றில் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் விலகியிருந்தன. அடுத்ததில் நடுவே மெல்லிய சுவர் எழுந்து, ஒன்று இரண்டாகியிருந்தது.

"இதுல எதும்மா தாய், எது பிள்ளை?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். தகட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டதுதான் கண்ட பலன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க. அப்பத் தாய் எங்க போச்சு? செத்துப் போச்சா?"

"பொணம் கெடக்குதான்னு பாருங்க."

வெகுநேரம் தேடினார்.

"இல்லீங்க."

ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்காமல் போக மனமில்லை.

"அம்மா, அங்க வந்து 'அசல் எது'ன்னு கேக்கறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

திலகவதி அம்மா லென்ஸை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் அதே கவலைதாங்க. நாளைக்கு நீங்க பஸ் ஏறினதுக்கப்புறம் இங்க எவனாவது வந்து, 'அசல் விளாத்திகுளம் போயிடுச்சாமே'ன்னு கேட்டா, நானும் ராஜாங்கமும் என்ன சொல்றது?"