அரிசிக்கடைக்குப் போகாத காசு

முன்னொரு காலத்தில், காசுக்குக் கால் முளைத்திருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். கல்வி என்றால் அவருக்கு உயிர். தலைநகரில் பெரிய கல்விச்சாலை கட்டி, வெளியூர் மாணவர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு மாதாமாதம் வெள்ளிக்காசு கொடுத்துவந்தார்.

கொடுத்து என்ன? முதல் வாரம் முடிவதற்குள் பையன்கள் பட்டினி. மாதக் கடைசியில் வாத்தியார் சொல்லும் பாடமே காதில் விழாது. வயிறுகள் போடும் இரைச்சல் அப்படி! ராஜா காசை இரண்டு மடங்காக்கினார். பட்டினியும் இரண்டு மடங்கானது.

"இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள், மகாராஜா. வளரும் பிள்ளைகள், பாவம்!" என்று உருகினார் பொக்கிஷதார் திருமேனிநாதர்.

"ஏற்றுவது இருக்கட்டும். கொடுத்த காசு எங்கே போகிறது? அது தெரியாவிட்டால் அடுத்த மாதம் கல்விச்சாலையை மூடிவிடுவேன். பிள்ளைகளைப் பட்டினி போட்ட பாவம் எனக்கு வேண்டாம்!"

பொக்கிஷதாருக்கு விகடகவி அம்பலத்தாடியைக் கண்டாலே ஆகாது. "நம் அம்பலத்தாடியால் முடியாததா! ஆனால் யாரையும் விசாரிக்கக் கூடாது, ஒற்றரும் வைக்கக் கூடாது. கேட்டால் எல்லாரும் பொய்தானே சொல்வார்கள்?" என்றார்.

"சம்மதம். இந்த மாதக் காசை மட்டும் என் கையால் கொடுக்கிறேன். மறுநாள் மகாராஜா தம் திருமூக்கைச் சற்று இரவல் தந்தால் போதும்" என்றான் அம்பலத்தாடி.

கடைவீதியில் இருந்த பெருங்காயம் அத்தனையையும் வாங்கி, அண்டாவில் கரைத்து, காசுகளை அதில் ஊறப்போட்டான். ஊர்ப் பூனைகள் பக்கத்து நாட்டில் போய்த் தஞ்சம் புகுந்தன. கோயில் யானை போட்ட தும்மலில் பறந்துபோன கோபுரத்துப் புறாக்கள் இன்னும் திரும்பவில்லை!

"ராஜா வீட்டுக் காசுடா, ரசம் மாதிரி மணக்குது!" என்று பையன்கள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் ராஜா மோந்துகொண்டே வீதியில் நடந்தார். பரிவாரமும் மோந்துகொண்டே பின்னால் போயிற்று. பூக்கடையில் லேசான மணம். வெற்றிலைக் கடையிலும் லேசாக. அரிசிக்கடையில் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"இங்கே ஒன்றுமே இல்லையே, அம்பலத்தாடி!"

"அதுதான் மகாராஜா, எனக்கும் வியப்பாக இருக்கிறது."

கல்விச்சாலைக்கு எதிரே ஓர் அல்வாக் கடை. அங்கே மணம் ஆளைத் தூக்கியது. ஆனால் கல்லாப்பெட்டி காலி! மணம் அங்கிருந்து கிளம்பி, தெரு திரும்பி, நேரே அரண்மனைக்குள் நுழைந்து, பொக்கிஷதாரின் இடுப்புப் பணப்பையில் போய் நின்றது. பாவம், மனிதர் பன்னீரில் குளித்து, மேலெல்லாம் சந்தனம் அப்பியிருந்தார். பெருங்காயம் இதற்கெல்லாம் மசியுமா?

"அல்வாக் கடை என் மைத்துனனுடையது..." என்று குழறினார்.

ராஜா மருதவாணன் என்ற மாணவனை அழைத்தார். "உனக்குக் கொடுத்த காசு எங்கேயப்பா?"

"இந்த மாதக் காசைப் போன மாதமே தின்றுவிட்டோம், மகாராஜா. கடனுக்கு எவ்வளவு அல்வா வேண்டுமானாலும் கொடுப்பார்கள். முதல் தேதி வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் சோற்றுக்கு ஏது?"

"காசை ஏற்றச் சொன்னது இதற்குத்தானா?" என்று ராஜா உறுமினார். பொக்கிஷதாரின் பதவி அங்கேயே பறிபோனது.

"இனி என்ன செய்யலாம், அம்பலத்தாடி?"

"காசு கைக்கு வந்ததும் முதலில் அரிசிக்கடை. எதிர்பாராத செலவுக்கு ஒரு பங்கை உண்டியலில் போடட்டும். மிச்சத்தில் அல்வா என்ன, அல்வாவிலேயே குளிக்கட்டும்! கடன் மட்டும் கூடாது."

அடுத்த மாதக் கடைசி நாளில் ராஜா திடீரென்று கல்விச்சாலைக்குப் போனார். உலையில் சோறு கொதித்தது. வாத்தியாரின் குரல் கணீரென்று கேட்டது. மருதவாணன் இலையில் ஒரு துண்டு அல்வாவை நீட்டி, "ரொக்கத்துக்கு வாங்கியது, மகாராஜா!" என்றான்.

ராஜா பூரித்துப்போய், பொக்கிஷச் சாவியை எடுத்து அம்பலத்தாடியிடம் நீட்டினார். அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"வேண்டாம், மகாராஜா. எனக்கும் அல்வா ரொம்பப் பிடிக்கும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. அதைத் தேடிப்பிடிக்கச் சொல்லிவிட்டு, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.