அஞ்சாவது யூனிட்

சங்கரபாண்டியன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருந்தவர். தலை நரைத்த பிறகு கல்லூரிக்கு ஆய்வு செய்ய வந்து, தன்னைவிட வயதில் சின்னவரான பேராசிரியர் இசபெல்லிடம் மாணவராகச் சேர்ந்தார். துறையில் சிலர் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. மேடம் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

இப்போது அதே துறையில் விரிவுரையாளர். தகவல் தொழில்நுட்பத் திட்ட மேலாண்மைக்குப் புதிய பாடத்திட்டம் எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. மறுநாள் பாடத்திட்டக் குழு கூடுகிறது. மனுஷன் உயிரைக் கொடுத்து எழுதியிருந்தார். காரணம் இருந்தது. கம்பெனியில் அவர் நடத்திய கடைசி பிராஜெக்ட் பாதியில் கவிழ்ந்து, குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் வேலை போனது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. தன்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

எழுதியதை முதலில் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மேடம் நிதானமாகப் படித்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். வேலை பின்தங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது, அப்போது எந்த வேலையை விட்டுவிடுவது என்ற பகுதியை மட்டும் திரும்பவும் படித்தார். அது அஞ்சாவது யூனிட்டில், கடைசியில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மாணவி கையெழுத்து வாங்க வந்தாள். போன செமஸ்டரில் சார் நடத்திய பாடத்தில் அஞ்சாவது யூனிட் என்ன என்று மேடம் அவளிடம் கேட்டார். அவள் சங்கடத்தோடு சங்கரபாண்டியனைப் பார்த்தாள்.

"அதை சாய்ஸ்ல விட்டுட்டோம் மேடம். நேரமில்ல, நீங்களே படிச்சுக்கோங்கன்னு சார் சொல்லிட்டாங்க."

நம் கல்லூரிகளில் அஞ்சாவது யூனிட்டின் தலையெழுத்து அதுதான். யாரைக் குறை சொல்ல?

மாணவி போனதும் சங்கரபாண்டியன் மெல்லச் சொன்னார்.

"பிரச்சினை கடைசியிலதானே வரும் மேடம்? அதான் கடைசியில வச்சேன்."

"உங்க பிராஜெக்ட்ல எப்ப வந்துச்சு சார்?"

அவர் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முதல் மாசமே வந்துடுச்சு. நாங்கதான் கடைசியில பார்த்தோம்."

பேனாவை எடுத்து அந்தப் பகுதியை முதல் யூனிட் ஆக்கினார். பல வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது, சிரிப்புகூட வந்தது. ஆனால் மற்றதெல்லாம் ஒரு படி கீழே இறங்கியாக வேண்டும். அஞ்சாவது இடத்துக்கு எதைத் தள்ளுவது? ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். எதையும் விட மனசு வரவில்லை.

"எல்லாமே வேணுமே மேடம். கடைசியில எதை வைக்கட்டும்?"

மேடம் தாள்களை அடுக்கி அவரிடமே நீட்டினார்.

"எதையாவது வைங்க சார். முதல் யூனிட்டை நீங்க ஒழுங்கா நடத்தினா, எதை விடலாம்னு பிள்ளைங்களே உங்களுக்குச் சொல்லிடுவாங்க."